பழைய எண்ணெய்க்கும் ஒரு சந்தை உண்டு

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாத தெருவே இல்லை. ஆட்டையாம்பட்டி முறுக்கு முதல் சேலம் தட்டுவடை செட் வரை, இந்தப் பலகாரத் தொழிலுக்கு டின் டின்னாக எண்ணெய் கொடுப்பவர்கள் நாம்தான். பொரித்து மிஞ்சிய எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் நாம் கவனித்தாக வேண்டும்.

அதை வடிகட்டி மீண்டும் சமையலுக்கே விற்றால், கெடுவது உண்பவர் உடல் மட்டுமல்ல, எண்ணெய் வணிகத்தின் பெயரும்தான். 2018 ஜூலை 1 முதல், துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. அதே ஆண்டு, பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் 'ரூகோ' திட்டத்தையும் தொடங்கியது.

பழைய எண்ணெயுடன் மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் பயோடீசல் பிரியும். லாரிகளின் ஊரான நாமக்கல்லுக்கு டீசலின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே, 10 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 1 கிலோ கிளிசரின் கிடைக்கும்.

கிளிசரினைச் சோப்பிலும் இருமல் மருந்திலும் நாம் அறிவோம். இன்று அது பெரிய ஆலைகளுக்கு மூலப்பொருள். இதற்குத் துணை நிற்பது வினையூக்கி. நல்ல தரகர் இரு தரப்பையும் சேர்த்துவைத்து, தான் சரக்கில் கலக்காமல் விலகிக்கொள்வது போன்றது அதன் வேலை. செம்பு கலந்த வினையூக்கியின் மீது கிளிசரினையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால் புரோப்பிலின் கிளைக்கால் கிடைக்கும். பிசின், குளிர்விப்பான் திரவம் எனப் பலவற்றுக்கும் அது தேவை.

குஜராத்தின் தாஹேஜில் மேக்மணி ஃபைன்கெம் நிறுவனம் (இன்றைய எபிகிரால்) 2022இல் ஆண்டுக்கு 50,000 டன் எபிகுளோரோஹைட்ரின் தயாரிக்கும் ஆலையைத் தொடங்கியது. இதற்கும் கிளிசரின்தான் மூலப்பொருள். பெயிண்டுக்கும் காற்றாலை இறக்கைக்கும் வேண்டிய எபாக்சி பிசின் இதிலிருந்து வருகிறது. முன்பு பெட்ரோலியத்திலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்து, அதிலிருந்து கிளிசரின் எடுத்தார்கள். இன்று வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது!

ஆனால், பழைய எண்ணெயிலிருந்து வரும் கிளிசரினில் உப்பும் சோப்பும் மெத்தனாலும் கலந்திருக்கும். சுத்திகரித்த பிறகே ஆலைக்கு ஏற்கும். ஆகவே நாம் தரும் எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். ஆறவைத்து, தூள் வடிகட்டி, தண்ணீர் படாமல் மூடிய டின்னில் வையுங்கள். அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுத்து, ரசீது வாங்குங்கள். பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவிடும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் 1 முதல் உள்ள விதி.

வணிகப் பெருமக்களே! மலிவு விலையில், பில் இல்லாமல் வரும் எண்ணெயைக் கடைக்குள் விடாதீர்கள். உங்களிடம் எண்ணெய் வாங்கும் பலகாரக் கடைக்காரரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.