திருவானைக்காவலில் வாடகைக்கு விட வீடு வாங்கப் போறீங்களா? அடிமனை யாருடையதுன்னு முதல்ல பாருங்க!

கோயிலுக்குப் பக்கத்துல வீடு, அக்கம்பக்கத்தைவிட விலை கம்மி, வாடகைக்கு ஆள் ரெடி. முதல் முறையாக வீட்டில் முதலீடு செய்ய நினைப்பவரை இழுக்க இது போதும். ஆனால் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பகுதிகளில் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: அடிமனை யாருடையது?

அடிமனைன்னா என்ன?

கட்டடம் நிற்கும் நிலம்தான் அடிமனை. பழைய கோயில் ஊர்களில் கட்டடம் ஒருவருக்கும், அதன் கீழுள்ள நிலம் கோயிலுக்கும் சொந்தமாக இருப்பது உண்டு. ஸ்ரீரங்கத்தில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு ரங்கநாதர் கோயில் உரிமை கோருவதால், தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள்கூட விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். தேர்தல்தோறும் இந்தப் பிரச்சினை பேசப்படுகிறது.

சட்டம் என்ன சொல்லுது?

1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம், பிரிவு 34-ன்படி கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி தேவை. அனுமதி இல்லாத பரிமாற்றம் செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி, அப்படிப்பட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் பதியவும் மாட்டார்.

"ஐம்பது வருஷமா நாங்கதான் இருக்கோம்" என்ற வாதமும் எடுபடாது. கோயில் சொத்தை மீட்பதற்குக் காலவரம்பு கிடையாது என்கிறது பிரிவு 109.

"கட்டடத்தை மட்டும் எழுதித் தர்றோம்" என்றால் உஷார். நீங்கள் நில உரிமையாளர் ஆவதில்லை, கோயிலின் வாடகைதாரராகவே இருப்பீர்கள். வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், மறுபடி விற்பது அதைவிடக் கஷ்டம். விலை கம்மியாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எப்படிச் சரிபார்ப்பது?

- பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஆனால் இதில் தெரிவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. வில்லங்கம் சுத்தமாக இருப்பதால் கோயிலுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது.
- மாநகராட்சிப் பகுதி என்பதால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். அதில் உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.
- அறநிலையத் துறை 2021 முதல் கோயில் நில ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. சர்வே எண்ணை அதிலும் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் கோயில் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.
- மூலப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும்.

நிலம் ஓகே... கணக்கு ஓகேவா?

உதாரணமாக, 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால் 9 சதவீதம், அதாவது 4.5 லட்சம். வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு. எனவே 40 லட்சம் கடன் கிடைத்தாலும், கையிலிருந்து 14.5 லட்சம் போட வேண்டும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகை 15,000 வந்தால்கூட மீதி கிட்டத்தட்ட 20,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். ஆண்டு வாடகை, வீட்டு விலையில் 3.6 சதவீதம் மட்டுமே. வீட்டு வரி, பெயின்ட், ஆள் இல்லாத மாதங்கள் இன்னும் கணக்கில் வரவில்லை.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். முதல் முறை வாங்குபவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வாடகைக்கு விடும்போது?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்துமூலம் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

கடைசியா ஒண்ணு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமே இடிந்தது. மழை நேரத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

அடிமனை பற்றித் தெளிவான பதில் கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். "இன்னைக்கே டோக்கன் போடலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுவதே லாபம்.