வளவில் பத்து மிளகாய்க் கன்றுகள்

வன்னிக்கு மிளகாய் புதிய பயிர் அல்ல. விசுவமடு, முத்தையன்கட்டுத் திட்டங்களில் குடியேறிய படித்த வாலிபர்கள் அதனை நட்டே தலைநிமிர்ந்தனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. 1977இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட, விலை வீழ்ந்தது. பின்னர் போரும் இடப்பெயர்வும் தோட்டங்களைக் காடாக்கின.

இன்று மீளக் குடியேறிய குடும்பங்களிடமும், உறவினர் காணியில் இன்னும் ஒதுங்கியிருப்போரிடமும் நாம் கேட்பது இன்னொரு கவலை: "சுவாமி, மழை முந்தின மாதிரி இல்லை." உண்மைதான். 2016, 2017இல் கடும் வரட்சி. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகையால் பூமி சூடாகிறது. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. அந்தப் புகையில் எமது பங்கு மிகச் சிறிது, இழப்போ பெரிது.

மிளகாய்க்கு இரண்டும் ஆகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். வெயில் மிஞ்சினால் பூ உதிரும். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகி இலை சுருளும். தோட்டத்தை நாம் தூக்கி நகர்த்த முடியாது. உரப்பையில் நட்ட கன்றை நகர்த்தலாம்.

வெற்று உரப்பையைப் பாதியாக மடித்து, அடியில் ஐந்தாறு துளை இடுங்கள். மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். நான்கைந்து கிழமை வளர்ந்த நாற்றை மாலையில் நடுங்கள். மாரியில் பைகளைக் கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள். கோடையில் மத்தியான வெயிலுக்குக் கிடுகு மறைப்புக் கட்டுங்கள். சவர்க்காரம் கலவாத, அரிசி கழுவிய நீரே பெரும்பாலும் போதும். இலை சுருளத் தொடங்கினால் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளியுங்கள்.

கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடியைப் போல் வராது. எனவே எம்.ஐ.2 போன்ற இனத்தை நடுங்கள். நோயற்ற செடியில் பழுத்த காயை நிழலில் உலர்த்தி, விதையைப் போத்தலில் அடைத்து வையுங்கள்.

பத்துக் கன்றுகள் உலகின் சூட்டைத் தணிக்காது. ஒரு ஏக்கர் தோட்டத்தின் வருமானமும் தராது. ஆனால் கறிக்கு மிளகாய் கடன் வாங்க வேண்டியதில்லை. பலமுறை எல்லாவற்றையும் விட்டு எழுந்து போனவர்கள் நாம். மடியில் முடிந்து எடுத்துச் செல்லக்கூடிய தோட்டம் விதை ஒன்றே. அதனைக் கைவிடாதிருப்போம்.