சுவருக்குள் ஒரு காற்றுக் குழாய்

அமெரிக்காவில் பழைய வீட்டின் குளியலறையைப் புதுப்பிக்க முற்படுகிறவர், தொட்டியின் நிறத்தைப் பற்றியும் தரை ஓட்டின் வழவழப்பைப் பற்றியும் வாரக்கணக்கில் ஆலோசனை செய்வார். ஆனால் சுவருக்குள் மறைந்து சென்று கூரைக்கு மேலே வாய் திறந்து நிற்கும் காற்றுக் குழாயை அவர் நினைத்துப் பார்ப்பதே அபூர்வம்.

தொட்டிக்கு அடியில் குழாய் வளைந்து தாழ்ந்து மறுபடி மேலேறுகிறதே, அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் இரண்டு மூன்று அங்குல ஜலந்தான் சாக்கடையின் துர்வாயு வீட்டுக்குள் புகாதபடி காக்கிறது. 1775-ல் இத்தகைய வளைவோடு கூடிய கழிப்பறைச் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றவர், லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

யுக்தி நல்லதுதான், ஆனால் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ரப்பர் குழாயைச் செருகி ஒரு தரம் உறிஞ்சிவிட்டால் எண்ணெய் தானே இறங்குவதுபோல, குழாயை அடைத்துக்கொண்டு விரையும் ஜலம் வளைவில் நிற்க வேண்டியதையும் இழுத்துக்கொண்டு போய்விடக்கூடும். தொட்டியின் அடி தட்டையானதாகையால் கடைசியில் வடியும் சிறு தாரை வளைவை மீண்டும் நிரப்பிவிடுவதுண்டு. ஆயினும் மாடிக் கழிப்பறையிலிருந்து ஜலம் அதே பெருங்குழாயில் இறங்கும்போது, அதன் பின்னே காற்றழுத்தம் குறைந்து, கீழ்த்தொட்டியின் காவல் ஜலம் உறிஞ்சப்படுகிறது. காற்றுக் குழாய் அந்தக் குறைவை வெளிக்காற்றால் உடனே ஈடுசெய்கிறது.

அது எங்கே இணைய வேண்டும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. வளைவிலிருந்து செல்லும் ஒன்றரை அங்குல வடிகுழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிந்தால், ஆறடி தூரத்தில் தன் விட்டமளவே தாழ்ந்துவிடும். அதற்கப்பால் காற்று நுழையும் வாய், வளைவின் ஜலமட்டத்துக்குக் கீழே போய்விடுமல்லவா? ஆதலால் அங்கு வழங்கும் ஒரு விதித்தொகுப்பு ஆறடியையே எல்லையாகக் கொள்கிறது. மற்றொன்று மூன்றரை அடிக்கு மேல் அனுமதிப்பதில்லை. காற்றுக் குழாய் தொட்டியின் விளிம்புக்கு ஆறு அங்குலம் மேலே செங்குத்தாக ஏறிய பிறகே பக்கவாட்டில் திரும்பலாம். இல்லையேல் அடைப்பு ஏற்படும் நாளில் அழுக்கு அதற்குள் ஏறி உலர்ந்து, காற்றின் வழியையே அடைத்துவிடும்.

தொட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்ற விரும்புகிறவர்களே, ஓடு பதிப்பதற்கு முன்பே பிளம்பரை அழைத்து, அந்தக் காற்றுக் குழாய் எந்தச் சுவரில் ஏறுகிறதென்று கேட்டுவிடுங்கள்.