மழை அளவு மட்டும் போதாது: உங்கள் நிலம் எவ்வளவு வறண்டது?

"எங்க ஊருக்கு வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்யுதே, அப்புறம் ஏன் வறண்ட பகுதின்னு சொல்றாங்க?" மானாவாரி விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. லண்டனிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மி.மீ. மழைதான். ஆனால், அதை யாரும் வறண்ட பகுதி என்று சொல்வதில்லை. மழை வரவு என்றால், வெயிலும் காற்றும் உறிஞ்சிக்கொள்வது செலவு. நம் ஊரில் செலவு மிக அதிகம்.

வறட்சி என்பது ஓர் ஆண்டு மழை பொய்ப்பது. அடுத்த ஆண்டு மாறலாம். வறண்ட தட்பவெப்பம் என்பது அந்த இடத்தின் நிரந்தரக் குணம்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மண்ணில் எப்போதும் ஈரம் இருந்தால், ஆவியாதல் மூலமும் பயிரின் இலைகள் வழியாகவும் ஆண்டு முழுவதும் எவ்வளவு நீர் வெளியேறும் என்று கணக்கிடுவார்கள். இதுவே ஆவியாதல் தேவை. ஆண்டு மழையை இதனால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் அளவுகோல்:

- 0.05-க்குக் கீழ்: மிக வறண்ட பகுதி (பாலைவனம்)
- 0.05 – 0.20: வறண்ட பகுதி
- 0.20 – 0.50: மித வறண்ட பகுதி
- 0.50 – 0.65: வறட்சி சார்ந்த மித ஈரப் பகுதி

மழை 600 மி.மீ., ஆவியாதல் தேவை 1,500 மி.மீ. என்றால் விடை 0.40. அதாவது மித வறண்ட பகுதி. தமிழகத்தின் உள் மாவட்டங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். உலக நிலப்பரப்பில் சுமார் 41 சதவீதம் இந்த நான்கு வகைகளுக்குள் வந்துவிடுகிறது.

எங்கே, ஏன்?

நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று, 20 முதல் 30 பாகை அட்சரேகைகளில் கீழிறங்கி மேகம் உருவாகாமல் தடுக்கிறது. சகாரா, அரேபியப் பாலைவனங்கள் இப்படி உருவானவை. சிலி நாட்டின் அட்டகாமாவும் நமீபியாவின் நமீப் பாலைவனமும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் மேலும் வறண்டவை. கோபி கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. நமக்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. எனவே தென் மாவட்ட மானாவாரி பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது.

உங்கள் வயலுக்கு என்ன பயன்?

ஆண்டு மொத்தத்தைப் பார்த்துப் பயிர் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பூக்கும் நேரத்தில் ஈரம் தீர்ந்தால், அதுவரை போட்ட விதையும் உரமும் கூலியும் வீண். வாரக்கணக்குப் பாருங்கள். ஆவியாதல் தேவையில் பாதியாவது மழையாகக் கிடைக்கும் வாரங்களே பயிர் வளரும் காலம். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு 4 மி.மீ. தேவை என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 28 மி.மீ.; அதில் பாதி 14 மி.மீ.

கடந்த 10 ஆண்டு வாராந்திர மழை விவரத்தைப் பக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். 14 மி.மீ.க்கு மேல் பெய்த வாரங்கள் தொடர்ச்சியாக எத்தனை என்று எண்ணுங்கள். ஆழமான கரிசல் என்றால், மண்ணில் தங்கும் ஈரத்துக்காகக் கூடுதலாக 2 அல்லது 3 வாரம் சேர்க்கலாம். ஆழமில்லாத செம்மண்ணில் அந்தச் சலுகை கிடையாது.

- 9 – 10 வாரம்: பாசிப்பயறு, உளுந்து
- 12 – 13 வாரம்: கம்பு
- 14 – 15 வாரம்: சோளம்
- 18 வாரத்துக்கு மேல்: மானாவாரிப் பருத்தி

கணக்கு இடித்தால் குறைந்த வயதுப் பயிரையே தேர்ந்தெடுங்கள்.

வரவைக் கூட்ட முடியாது. ஆனால், வந்ததை நிறுத்தலாம். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர். கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பண்ணைக்குட்டை ஆகியவற்றால் 20 மி.மீ. ஓடாமல் தடுத்தாலே 80,000 லிட்டர் உங்கள் நிலத்தில் தங்கும். பருவமழைக்கு முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.