பவர் டில்லரை வண்டியில் ஏற்ற மூன்று பலகைகள்

சேறடிக்கும் பருவம் வந்துவிட்டால் பவர் டில்லருக்கு ஓய்வு கிடையாது. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று போக வேண்டியிருக்கிறது. ரோட்டில் ஓட்டிச் சென்றால் நேரம் வீண், டயரும் தேயும். எனவே மினி லாரியில் ஏற்றிச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஏற்றும் முறையில் போதிய கவனம் இல்லை. கையில் கிடைத்த இரண்டு பலகைகளைச் சாய்த்து, நாலு பேர் தள்ளி ஏற்றிவிடுகிறார்கள். பவர் டில்லரின் எடை சுமார் 400 முதல் 500 கிலோ. பலகை நழுவினால் அது கைப்பிடியைப் பிடித்திருப்பவர் மீதுதான் சாயும். சிறிது முயற்சி எடுத்துக்கொண்டால் பாதுகாப்பான சாய்வுப் பலகைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நீளம் எவ்வளவு?

வண்டித் தளத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதைப்போல் நான்கு மடங்கு நீளம் வைக்க வேண்டும். தளம் இரண்டரை அடி உயரமானால் பலகை 10 அடி. 450 கிலோ டில்லரை 5 அடிப் பலகையில் ஏற்றும்போது அதைக் கீழே இழுக்கும் விசை 225 கிலோ. ஏழரை அடிப் பலகையில் அது 150 கிலோ. 10 அடிப் பலகையில் சுமார் 112 கிலோதான். பலகையின் நீளத்தில் மிச்சம் பிடிப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

நீளமான பலகை கிடைக்காவிட்டால் உயரத்தைக் குறைக்கலாம். உறுதியான வாய்க்கால் கரை அல்லது மேட்டை ஒட்டி வண்டியைப் பின்புறமாக நிறுத்த வேண்டும். மேடு ஒன்றேகால் அடி இருந்தால், ஏற வேண்டிய உயரம் பாதியாகிவிடும். 5 அடிப் பலகையே போதும். ஈரமான, இடியக்கூடிய கரை இதற்கு உதவாது.

பலகை செய்யும் முறை

நன்கு காய்ந்த, முடிச்சும் வெடிப்பும் இல்லாத கருவேல் அல்லது வேங்கைப் பலகைகள் மூன்று தேவை. அகலம் ஓர் அடி, கனம் 2 அங்குலம் இருக்கட்டும். இரண்டு பலகைகள் சக்கரங்களுக்கு. நடுப்பலகை டில்லரின் பின் சக்கரத்துக்கும், ஓட்டுபவர் நடந்து ஏறுவதற்கும். 10 அடி நீளத்துக்கு 2 அங்குலக் கனம் மட்டும் போதாது. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் அடியில் மரக்கட்டையால் அசையாத முட்டுக் கொடுப்பது கட்டாயம்.

சக்கரம் வழுக்காமல் இருக்க, ஓர் அடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல உயரமுள்ள மரச்சட்டங்களைக் குறுக்கே போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். மேல்நுனியின் அடிப்பக்கம் இரும்புக் கொக்கி பொருத்தி, தளத்தின் விளிம்பில் மாட்ட வேண்டும். அத்துடன் சங்கிலியால் வண்டிச் சட்டத்தோடு கட்டுவதும் அவசியம். ஏறும் சக்கரம் பலகையைப் பின்னோக்கித் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது. தொங்கும் பின்கதவின் மீது பலகையை வைக்கவே கூடாது.

முதல் முறை பயன்படுத்தும் முன் சோதிப்பது நல்லது. பலகையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் முட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முட்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட பகுதியில் 50 கிலோ மூட்டைகள் ஏழை அடுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் தொய்ந்தாலோ, நெறிந்து சத்தம் கேட்டாலோ அந்தப் பலகை இதற்கு ஆகாது.

ஏற்றும் முறை

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுக்க வேண்டும். டில்லர் தளத்தில் ஏறும்போது வண்டியின் பின்பகுதி தாழும். எனவே அதன் சட்டத்துக்கு அடியில் கட்டை வைப்பது நலம். சேற்றுக்கான கூண்டுச் சக்கரங்களைக் கழற்றி டயர்களை மாட்டி, சேற்றைக் கழுவிவிட வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டத்தைத் துண்டித்து, கத்திகள் பலகையில் தட்டாத அளவுக்குப் பின் சக்கரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

முன்னோக்கி, மிகக் குறைந்த கியரில் நேராக ஏற்ற வேண்டும். டில்லரின் முன்புறத்தில் கட்டிய கயிற்றை வண்டியின் முன் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, தளத்தில் நிற்கும் இருவர் தளர்வின்றிப் பிடித்துக்கொள்ளட்டும். நடுவழியில் கியர் மாற்றினாலோ, மெயின் கிளட்சைத் துண்டித்தாலோ எந்திரம் தானாக உருளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பலகை மீது பக்க கிளட்சைத் தொடக் கூடாது என்பது. ஏறும்போது தொட்டால் ஒரு சக்கரம் மட்டும் இயங்கி எந்திரம் பலகையை விட்டு விலகும். இறங்கும்போது தொட்டால், விடுபட்ட சக்கரம் வேகமாக உருண்டு, வழக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிவிடும். பழகிய ஓட்டுநர்கள் கூட இங்கேதான் ஏமாறுகிறார்கள். திசை தவறினால், மெதுவாகக் கீழே கொண்டுவந்து மீண்டும் நேராக்கி ஏற்றுவதே சரி.

இறக்கும்போது பின் கியரில், குறைந்த வேகத்தில், அதே கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்து இறக்க வேண்டும். ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் பலகையின் அருகிலோ கீழ்ப்புறத்திலோ நிற்கக் கூடாது. எந்திரம் கைமீறிச் சரிந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க முயலாமல், கைப்பிடியை விட்டு விலகிவிட வேண்டும். எந்திரத்தைப் பழுது பார்த்துக்கொள்ளலாம். முறிந்த முதுகெலும்பைச் சரிசெய்வது எளிதல்ல.

ஒரு பருவத்துக்குச் செய்யும் பலகைகளை மழை படாமல் வைத்திருந்தால் பல ஆண்டுகள் உதவும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கொக்கி, போல்ட், வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தினால் விவசாயிகள் விபத்தின்றிப் பயன்பெறலாம்.