சிவப்புப் புள்ளிக்குள் ஒரு கணக்கு

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஹீலியம்-நியான் லேசரைப் போட்டதும் எதிர்ச்சுவரில் மிளகளவு சிவப்புப் புள்ளி ஒன்று விழும். லேசரின் திறன் ஒரு மில்லிவாட் என்றால், அந்தப் புள்ளியில் நொடிக்குச் சுமார் 3,186 லட்சம் கோடி ஃபோட்டான்கள் வந்து மோதுகின்றன.

திறன், எண்ணிக்கை: இந்த இரண்டும் தெரிந்தால் போதும், ஒளியின் அலைநீளத்தைச் சொல்லிவிடலாம்!

ஒரு மில்லிவாட் என்பது நொடிக்கு ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஃபோட்டான்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒற்றை ஃபோட்டானின் ஆற்றல் கிடைக்கும். 1900-இல் மாக்ஸ் பிளாங்க் தந்த மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி, அந்த ஆற்றலால் வகுக்க வேண்டும். விடை 632.8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படிப்பட்ட அலைகள் ஏறக்குறைய 1,580 அடங்கும்.

அதே திறனில் 532 நானோமீட்டர் பச்சை லேசரை எடுத்தால், எண்ணிக்கை 2,678 லட்சம் கோடியாகக் குறைகிறது. பச்சை ஃபோட்டான் ஒவ்வொன்றும் கூடுதல் ஆற்றலைச் சுமந்து வருகிறது. அதனால் குறைவாக வந்தாலே போதும்.

1974 ஜூன் 26-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடைக் கடைக் கல்லாவில் முதன்முதலாகப் படித்ததும் இந்தச் சிவப்பு ஹீலியம்-நியான் ஒளிதான்.