யாரைப் பற்றியது, யார் எழுதியது: இளையோர் புனைவைத் தேடுவதும் பரிந்துரைப்பதும்



மறைந்த தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் கவிதை, தன்வரலாறு, நில உரிமை குறித்தெல்லாம் பேசியிருக்கிறோம். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையின் கையில் எந்தக் கதைப் புத்தகத்தைக் கொடுப்பது என்பதே அது.

எங்கள் காலனியில் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்தி வருகிறோம். அங்கே பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்திக்கு நான் ஆர்வத்தோடு நாவல் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் படித்து முடித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். “நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா நம்ம ஆளுங்க அடி வாங்காத கதை ஒண்ணு இருந்தா குடுங்கக்கா” என்றாள். அலமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். எடுத்துக் கொடுக்க எதுவும் அகப்படவில்லை.

அவளுடைய கேள்வியைப் போன்ற ஒன்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் கேட்கப்பட்டது. அதற்கு அங்குள்ள கறுப்பின மக்களும் பூர்வகுடி மக்களும் மற்ற வெள்ளையரல்லாத மக்களும் பதில் தேடிய விதத்தை விளக்குவதே இந்த உரையின் நோக்கம். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பையில் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். அந்த மக்களின் போராட்டத்திலிருந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல.

எண்ணிக்கையில் தொடங்கிய போராட்டம்

நியூயார்க்கின் ஒரு மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, புத்தகத்தில் வருகிறவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டாள். இந்தக் கேள்வியோடுதான் நான்சி லாரிக் 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை தொடங்குகிறது. லாரிக் ஒரு வெள்ளையினக் கல்வியாளர். அவர் புலம்பவில்லை, எண்ணினார். 1962 முதல் 1964 வரையிலான மூன்று ஆண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறார் நூல்களைக் கணக்கில் எடுத்தார். படத்திலோ எழுத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்ற நூல்கள் 349 மட்டுமே. அதாவது 6.7 விழுக்காடு. அக்காலத்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைச் சொன்ன கதைகளோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

அதே 1965-இல் சிறார் நூல்களுக்கான இனங்களிடைக் கவுன்சில் என்ற அமைப்பு தோன்றியது. புத்தகம் வெளிவராத வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கென்று அது ஒரு போட்டி நடத்தியது. அந்தப் போட்டியில் வென்று வந்தவர்களில் இருவர் வால்டர் டீன் மையர்ஸும் மில்ட்ரெட் டி. டெய்லரும். “எழுத ஆளில்லை” என்று பதிப்பாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே ஒரு வாசல் திறந்ததும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ 1976-இல் வெளியாகி, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. கதை 1930களின் மிசிசிப்பியில் நடக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடக் காட்சி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் பாடப் புத்தகம் கிடைக்கிறது. அட்டையின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. அந்தப் புத்தகம் எந்தெந்த ஆண்டு, எந்த நிலையில், எந்த இனத்து மாணவருக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரம் அதில் உள்ளது. பல ஆண்டுகள் வெள்ளைப் பிள்ளைகள் பயன்படுத்தி, கிழிந்து நைந்த பிறகே அது கறுப்பினப் பிள்ளைக்கு வருகிறது. கதைசொல்லியான கேசியின் தம்பி, முதல் வகுப்புப் பையன், அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் வீசி மிதிக்கிறான்.

கேசியின் குடும்பம் அடி வாங்குவதற்காகவே படைக்கப்பட்ட குடும்பம் அல்ல. அவர்களுக்கு 400 ஏக்கர் சொந்த நிலம் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதும், வெள்ளையரின் கடையைப் புறக்கணிக்க மற்றவர்களைத் திரட்டுவதும்தான் கதை. பஞ்சமி நில மீட்புக்காகக் காரணையில் நின்றவர்களுக்கு இந்த நாவலின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு கேள்விகள், இரண்டு பத்திகள்

1985-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறார் நூல் மையம் தன் கணக்கைத் தொடங்கியது. கறுப்பினப் படைப்பாளிகளுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருதுக் குழுவில் அந்த மையத்தின் இயக்குநர் இருந்தார். அவ்வாண்டு அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 2,500 சிறார் நூல்களில், கறுப்பினத்தவர் எழுதியதோ படம் வரைந்ததோ 18 மட்டுமே என்று தெரியவந்தது. அன்றிலிருந்து அந்த மையம் ஆண்டுதோறும் எண்ணுகிறது.

இந்தக் கணக்கு பின்னர் இரண்டு பத்திகளாக விரிந்ததுதான் நமக்கு முக்கியம். நூல் யாரைப் பற்றியது என்பது ஒன்று. யார் எழுதியது என்பது மற்றொன்று. 2014-ஆம் ஆண்டுக் கணக்கில் கறுப்பினத்தவரைப் பற்றிய நூல்கள் ஏறத்தாழ 180, கறுப்பினத்தவர் எழுதியவை ஏறத்தாழ 85. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் முன்னேற்றம் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான், கறுப்பின வாழ்வுக்குச் சந்தை உருவானபோது அதை எழுதும் வாய்ப்பு யாருக்குப் போனது என்பது தெரியும்.

நம் சூழலில் ஓர் எடுத்துக்காட்டு. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ அருந்ததியச் சிறுவனின் பண்ணையாள் வாழ்வை மையமாகக் கொண்ட நாவல். எழுதியவர் தலித் அல்லாதவர். பாமாவின் ‘கருக்கு’ தலித் வாழ்வைப் பற்றியது, தலித் பெண் எழுதியது. முதல் நூலைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டினால் கணக்கு பொய்யாகிவிடும் என்று சொல்கிறேன்.

கணக்கு மட்டும் போதாது. ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற கறுப்பினக் கல்வியாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பின மக்களைப் பற்றிய 150 சிறார் புனைவுகளை மூன்றாகப் பிரித்தது. வெள்ளை வாசகரின் மனசாட்சியைத் தட்டுவதற்காக எழுதப்பட்டவை முதல் வகை. தோல் நிறம் தவிர வேறு எந்த வேறுபாடும் இல்லாததுபோல எழுதப்பட்டவை இரண்டாம் வகை. கறுப்பினப் பிள்ளையின் கண்ணில், அந்தச் சமூகத்தின் பேச்சிலும் உறவிலும் வேரூன்றியவை மூன்றாம் வகை. 1990-இல் எழுதிய கட்டுரையில் அவர், புத்தகம் சிலருக்கு ஜன்னல், சிலருக்குக் கண்ணாடி என்று விளக்கினார். மற்றவர் வாழ்வைப் பார்ப்பதற்கு ஜன்னல், தன்னைப் பார்த்துக்கொள்வதற்குக் கண்ணாடி.

எங்கள் மாணவி கேட்டது இதைத்தான். நான் அவளுக்குக் கொடுத்த நாவல் முதல் வகையைச் சேர்ந்தது. ஊர்த்தெருவில் இருப்பவரின் மனசாட்சியை உலுக்குவதற்காக எழுதப்பட்டது. சேரிப் பிள்ளைக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

எங்கே தேடுவது

ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்காகச் சில வழிகளைச் சொல்கிறேன். விற்பனைப் பட்டியலில் தொடங்காதீர்கள். அந்தந்தச் சமூகமே உருவாக்கிய விருதுப் பட்டியல்களில் தொடங்குங்கள். கறுப்பினப் படைப்பாளிகளுக்கு 1970 முதல் வழங்கப்படும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது, லத்தீனோ படைப்பாளிகளுக்கு 1996 முதல் வழங்கப்படும் புரா பெல்ப்ரே விருது, 2006-இல் தொடங்கிய அமெரிக்கப் பூர்வகுடி இளையோர் இலக்கிய விருது ஆகியவை முதன்மையானவை.

அடுத்து, அந்தச் சமூகத்திலிருந்தே வரும் விமர்சகரைத் தேடுங்கள். நாம்பே பூர்வகுடியைச் சேர்ந்த டெபி ரீஸ் 2006 முதல், பூர்வகுடி மக்களைப் பற்றிய சிறார், இளையோர் நூல்களைத் தொடர்ந்து மதிப்பிட்டு வருகிறார். எதைப் படிக்கலாம் என்பதோடு எதைப் பரிந்துரைக்கக் கூடாது, ஏன் கூடாது என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். நம் விமர்சனத்தில் அந்த இரண்டாவது பாதி அரிது.

மூன்றாவது, 2014-இல் உருவான ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ இயக்கம். வெள்ளையர் மட்டுமே இடம்பெற்ற எழுத்தாளர் அரங்கு ஒன்றுக்கு எதிர்ப்பாக அது எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வால்டர் டீன் மையர்ஸ் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில், வெள்ளையரல்லாதோர் சிறார் நூல்களில் எங்கே என்று கேட்டு எழுதியிருந்தார். அந்த ஜூலையில் அவர் இறந்தார். அவர் பெயரில் விருதும், புத்தகம் வெளிவராத எழுத்தாளர்களுக்கு நிதியுதவியும் ஏற்பட்டன. முதலில் அந்த உதவியைப் பெற்றவர்களில் ஒருவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஏஞ்சி தாமஸ். அவருடைய ‘தி ஹேட் யு கிவ்’ 2017-இல் வந்தது. கறுப்பினக் குடியிருப்பில் வாழ்ந்துகொண்டு வெள்ளையர் நிறைந்த தனியார் பள்ளியில் படிக்கும் ஸ்டார், தன் நண்பனைக் காவலர் சுட்டுக் கொல்வதை நேரில் பார்க்கிறாள். வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு என்று அவள் மாற்றிக்கொள்வதை, காலனியிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் போன யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். பல அமெரிக்கப் பள்ளிகளில் இந்த நூலை அகற்றக் கோரிக்கை எழுந்தது.

மையர்ஸ் 1999-இல் எழுதிய ‘மான்ஸ்டர்’ நாவலையும் தேடிப் படியுங்கள். கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயது ஹார்லெம் சிறுவன் தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதுகிறான். பொய் வழக்குகளைச் சந்தித்த நம் இளைஞர்களோடு சேர்ந்து விவாதிக்க ஏற்ற நூல். எலிசபெத் அசெவேடோவின் ‘தி பொயட் எக்ஸ்’ நாவலும் இருக்கிறது. டொமினிக்கன் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பக்தி மிகுந்த தாயோடு முரண்பட்டு, கவிதையில் தன் குரலைக் கண்டடைகிறாள்.

முத்திரையின் ஆபத்து

2015-இல் ‘ஓன் வாய்ஸஸ்’ என்ற முத்திரை புழக்கத்துக்கு வந்தது. விளிம்புநிலைக் கதாபாத்திரத்தை அதே அடையாளம் கொண்டவர் எழுதியிருந்தால் நூலுக்கு அந்தப் பெயர். நோக்கம் நல்லது. ஆனால் பதிப்பகங்கள் அதை விளம்பரமாக்கின. மறைத்து வாழ வேண்டிய நிலையில் இருந்த எழுத்தாளர்கள்கூடத் தங்கள் அடையாளத்தை வெளியே சொல்லும் நெருக்கடி உருவானது. 2021-இல் ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ அந்தச் சொல்லைக் கைவிட்டது. தலித் எழுத்தாளர் என்ற பெயரைப் பெருமையோடு ஏற்றவர்களும் வேண்டாம் என்று மறுத்தவர்களும் நம்மிடம் உண்டு. எழுதியவர் யார் என்று கேட்பது பதிப்புத்துறையின் கணக்கைக் கேட்பதற்கு. ஓர் எழுத்தாளரிடம் போய்ச் சாதிச் சான்றிதழ் கேட்பதற்கு அல்ல.

அந்தக் கணக்கில் இல்லாத பத்தி

அமெரிக்கக் கணக்கைப் பாராட்டிய கையோடு அதன் குறையையும் சொல்ல வேண்டும். அதில் இந்தியர்கள் ஆசியர் என்ற பிரிவில் வருகிறார்கள். அங்கே நிறம் தெரியும், சாதி தெரியாது. சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் எழுதும் பத்மா வெங்கட்ராமனின் ‘கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்’ (2008), இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் படிப்புக்காகப் போராடும் கதை. சென்னைத் தெருவில் வாழும் பிள்ளைகளைப் பற்றிய அவருடைய ‘தி பிரிட்ஜ் ஹோம்’ 2020-இல் வால்டர் விருது பெற்றது. இரண்டும் அக்கறையோடு எழுதப்பட்டவை. ஆனால் அந்தக் கணக்கில் அக்ரஹாரத்துக் கதைக்கும் சேரிக் கதைக்கும் ஒரே பத்திதான். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இந்திய நூல் அலமாரி நிறையும்போது, அதில் யாருடைய இந்தியா இருக்கிறது என்று கேட்பது நம் வேலை. அந்தப் பத்தியை வேறு யாரும் நமக்காகச் சேர்க்கப் போவதில்லை.

முன்னுதாரணம் அருகிலேயே இருக்கிறது. ஹைதராபாத்தின் அன்வேஷி அமைப்பு, விளிம்புநிலைச் சமூகங்களின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் ‘டிஃபரண்ட் டேல்ஸ்’ கதை வரிசையைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் கொண்டுவந்தது. கோகு ஷியாமளா போன்ற தலித் எழுத்தாளர்கள் அதில் எழுதினார்கள். தமிழில் நம் பிள்ளைகள் முயல்-ஆமைக் கதையிலிருந்து நேராகக் ‘கருக்கு’க்குத் தாவ வேண்டியிருக்கிறது. இடையில் இருக்கும் ஆறேழு ஆண்டுகளுக்கென்று நம்மவர் எழுதிய புனைவு மிகக் குறைவு.

செய்ய வேண்டியவை

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளி நூலகத்திலோ ஓர் அலமாரியை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள்: யாரைப் பற்றியது, யார் எழுதியது. எங்கள் மையத்தில் அப்படி எண்ணியபோது, தலித் எழுத்தாளர் எழுதிய, பதின்பருவத்துப் பிள்ளை தானாகப் படித்து முடிக்கக்கூடிய புனைவுகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. நான் பொறுப்பாக இருந்து, நானே நூல்களைத் தேர்ந்தெடுத்த அலமாரி அது.

புத்தகம் பரிந்துரைக்கும் தோழர்கள் கொடுப்பதற்கு முன் முழுவதும் படியுங்கள். நம் பிள்ளை அதில் சிரிக்கிறாளா, கோபப்படுகிறாளா, முடிவெடுக்கிறாளா என்று பாருங்கள். கொடுத்த பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். எழுதுகிற தோழர்கள் உங்கள் பதினாலாம் வயதை எழுதுங்கள். அதில் வலி இருக்கும். கூடவே கிணற்றில் குதித்ததும், திருவிழாவுக்குப் போனதும், முதல் சம்பளத்தில் சட்டை வாங்கியதும் இருக்குமல்லவா? இந்த அமைப்பு இளையோருக்கான கதைப் போட்டி ஒன்றை அறிவிக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

எங்கள் மாணவிக்குக் கேசியின் கதையைத் தமிழில் வாய்மொழியாக நான்கு மாலைகளில் சொன்னேன். அந்தப் பையன் புத்தகத்தை மிதிக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். அடுத்த வாரம் ஒரு நோட்டோடு வந்தாள். அவள் ஆயாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அதில் யாரும் அடி வாங்கவில்லை. இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஜெய்பீம்.